மாப்பிள்ளையும் மகாராணியும்

"எழுந்திரு மாப்பிள்ளே, வேலை நேரம் ஆயிடுச்சு" என்று கேபின் கண்ணாடியைத் தட்டிவிட்டுத்தான் கிரேன் ஓட்டும் அக்கா இருக்கையில் அமர்கிறார். தரையிலிருந்து பார்த்தால் தலை சுற்றும் அந்த உயரத்தில் மாப்பிள்ளை ஏது என்று கேட்காதீர்கள். கிரேனின் நீண்ட கையில் குந்தியிருக்கும் வல்லூறுதான். ஊர்ப் புறாக்களுக்கு அது எமன், அக்காவுக்குச் செல்லம்.

எதிரே வங்கிக் கட்டடத்துக் கூரையிலிருந்து ஒரு புறாக் கூட்டம் கிளம்பினால் போதும், மாப்பிள்ளை மேலேறிப் போய்க் கல் மாதிரி விழும். அக்கா இருக்கையிலேயே துள்ளுவார். குறி தப்பினால், "விடு, அடுத்ததைப் பாத்துக்கலாம்" என்று தேற்றுவதும் அவரே.

இதில் ஒரு வில்லங்கம். அக்காவின் வீட்டுக்காரர் சலூன் வைத்திருக்கிறார். உயிரை மட்டும் மொட்டைமாடியில் புறாக்களிடம் வைத்திருக்கிறார். கொஞ்ச நாளாக மேயப்போன புறாக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பாமல் போயின. பக்கத்து வீட்டுப் பூனைதான் திருடி என்று முடிவுகட்டி, நிஜமாகவே அதற்கு மணி கட்டிவிட்டார். அந்த வீட்டோடு பேச்சும் அறுந்துவிட்டது. உண்மையான திருடன் யாரென்று தெரிந்தும் அக்கா வாயைத் திறப்பதில்லை. வீட்டுக்காரர் பூனையைத் திட்டும்போது தானும் கூடச் சேர்ந்து நாலு வார்த்தை திட்டுவார். விஷயம் தெரிந்தால் மனிதர் மாப்பிள்ளையைத் துரத்தாமல் ஓயமாட்டாரே!

மிஞ்சியவற்றில் மகாராணி என்றொரு வெள்ளைப் புறா. அதன் வாலுக்குச் சலூன் சாயத்தில் சிவப்பு பூசி அழகு பார்ப்பவர் அவர். "இவளும் வரலேன்னா நான் கடையைத் திறக்கவே மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நேற்று வங்கிக்கு மேலே ஒரு வெள்ளைப் புறா தனியாக வந்தது. மாப்பிள்ளை ஏற்கெனவே உயரத்தில். அக்கா வழக்கம்போல இருக்கை நுனிக்கு வந்து, "விடாதே, விடாதே" என்றார். அப்போதுதான் வால் சிவப்பாகத் தெரிந்தது.

கை தானாக ஹாரனை அமுக்கியது; எடுக்க மறந்தும் போயிற்று. தலைக்கு மேல் சுமை வருகிறது, ஓடு என்பதுதான் கட்டட வேலையில் அந்த ஹாரனுக்கு அர்த்தம். கொத்தனார்கள் கரண்டியோடு ஓடினார்கள். இன்ஜினியர் மேசைக்கடியில் புகுந்தார். மிரண்ட மாப்பிள்ளை குறி தப்பிப் பக்கவாட்டில் பறந்தது. மகாராணி திறந்திருந்த ஜன்னல் வழியாக வந்து அக்காவின் மடியில் விழுந்து, பயத்தில் அங்கேயே அசிங்கமும் பண்ணிவைத்தது.

வாக்கி டாக்கியில் மேஸ்திரி என்ன ஆச்சு என்று பதறினார்.

"ஒண்ணுமில்ல அண்ணே, குடும்பப் பிரச்சினை."

அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நிமிர்ந்தால், கண்ணாடிக்கு வெளியே மாப்பிள்ளை. இரை சிக்காத வெறும் காலோடு திரும்பி வந்து, கழுத்தைச் சாய்த்து அவரையே பார்த்தது. அக்காவுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. ஒரு கையால் மகாராணியின் கண்ணைப் பொத்திக்கொண்டு, மறு கையால் சாப்பாட்டு டப்பாவிலிருந்த கோழித் துண்டை எடுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்.