வயித்தால போனவருகிட்ட வாக்குக் கேட்டாங்க

அதையத் தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? கோயலுக்கு வந்தமா, கும்புட்டமா, பொங்கச்சோத்தத் தின்னமான்னு இல்லாம, "உங்க ஊட்டுக்காரரு எப்படிப் பொழச்சாரு, சொல்லுங்க"ன்னு ஆளாளுக்கு வந்து உக்காந்துக்கறது. சொன்னா உங்களுக்கே உறுத்தும். உறுத்தட்டும்.

எழுவத்தெட்டாம் வருசம், இல்லீன்னா எழுவத்தொம்போது இருக்கும். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்துல எங்க காடு. என்ற ஊட்டுக்காரருக்கு முன்ன ஒருக்கா மஞ்சக்காமால வந்து, ஈரலக் கெடுத்துப்போட்டுப் போச்சு. வயித்துல தண்ணி கோத்துக்கும், காலு வீங்கிக்கும். அந்த மனுசன் கள்ளுப்பானையத் தொட்டதில்லீங்க. ஊரே குடிகாரன்னு பட்டங் கட்டுச்சு. கட்டுனவங்க வாயிலதான் கள்ளு நாறும்.

சேலத்து டாக்டரு சொல்லியிருந்தாரு: "ஈரல் கெட்ட ஒடம்பு, வயித்துல கிருமி புகுந்தா தாங்காது. தண்ணியக் காய்ச்சித்தான் குடுக்கோணும்." நானும் காய்ச்சிக் காய்ச்சிக் குடுத்தேன்.

பங்குனியில மாரியாத்தா நோம்பி. கோயல் முன்னால தொட்டியில கலக்கி வெச்சிருந்த நீர்மோர என்ற கொழுந்தன் ஒரு சொம்பு கொண்டாந்தான். தடுத்தேன். "ஏனுங் நங்கையா, ஆத்தா பேருல ஊத்துற மோரையும் அடுப்புல வெப்பீங்களா?"ன்னான். நின்னவங்க சிரிச்சாங்க. இவரு ரோசப்பட்டு வாங்கி மடக்கு மடக்குன்னு குடிச்சுப்போட்டாரு.

மறுநாளே வயித்தால போச்சு. காச்சலும் வந்துச்சு. மூணாம் நாளு கை வெடவெடங்குது, கண்ணு சொருகுது, என்னயவே ஆருன்னு கேட்டாரு. நாறுன வேட்டியத் தொவைச்சுப்போட்டு வந்து பாக்கறேன், கட்டலச் சுத்திச் சனம். எலுமிச்சங்கா, வேப்பந்தழ. ஆத்தா எறங்கியிருக்காளாம். வாக்குக் கேக்கறாங்க. அவரு "தண்ணி, தண்ணி"ங்கறாரு. "கேட்டுக்குங்க, மழ வருது"ங்கறான் கொழுந்தன். நாக்கு வறண்ட மனுசன் தண்ணி கேட்டா அதுல மழயா பேயும்? ஒருத்தி, புள்ளைக்குக் கண்ணாலம் எப்பன்னு கேட்டா. அவரு கட்டல்லயே வயித்தால போயிட்டாரு. அதுக்கும் ஒரு அர்த்தஞ் சொன்னாங்க.

"ஆசுபத்திரிக்குத் தூக்குங்க"ன்னு கத்துனேன். "ஆத்தா ஒடம்புல நிக்கறப்ப ஊசி குத்தப்படாது, ஊருக்கே ஆவாது"ன்னு வழி மறிச்சுட்டாங்க.

"அப்ப ஆத்தாளையே கேப்பம், பூப்போட்டு"ன்னேன். அதைய எவனும் மறுக்க முடியாதே. வெள்ளப்பூ ஒரு பொட்டணம், செவப்புப்பூ ஒரு பொட்டணங் கட்டி ஆத்தா காலடியில போடோணும், பூசாரி ஒண்ண எடுப்பாரு. வெள்ள வந்தா ஆசுபத்திரி, செவப்பு வந்தா ஊட்டுலயே. பொட்டணங் கட்டுனது நானுங்க. ரெண்டுலயும் வெள்ளையத்தான் வெச்சேன்.

கண்ண மூடிக்கிட்டேன். "ஆத்தா, ஊரத்தான் ஏமாத்தறேன், உன்னைய இல்ல. இந்த மனுசன் மேல நீ எறங்குலீன்னு உனக்குந் தெரியும், எனக்குந் தெரியும். என்னையக் காட்டிக் குடுத்துப்போடாத."

பூசாரி எடுத்தாரு. வெள்ள. கொழுந்தன் உடுல. "இன்னொண்ணையும் பிரிங்க, பாத்துப்போடலாம்"னான். பூசாரி அதையும் எடுத்து, ஓரத்த லேசா வெலக்கிப் பாத்தாரு. அப்பறம் என்னயப் பாத்தாரு. எனக்கு ஒறவுமில்ல, ஒட்டுமில்ல. காத்தால வரைக்கும் ஆத்தா எறங்கியிருக்கான்னு தலையாட்டுனவருதான். பொட்டணத்த மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு, "ஆத்தா ஒருக்காச் சொன்னா உனக்குப் பத்தாதா? போயி வண்டியப் பூட்டு"ன்னாரு.

ஆத்தா எறங்குனது அப்பத்தானுங்க.

சேலத்துல டாக்டரு என்னயத் திட்டுன திட்டு கொஞ்சநஞ்சமில்ல. கொடல்ல இருந்த கிருமி வயித்துத் தண்ணியில பூந்துருச்சு, நஞ்சு தலைக்கேறித்தான் இந்த ஒளறல், இன்னொரு நாளு போயிருந்தா ஆளில்லைன்னாரு. ஊசியும் பாட்டலுமா ஏத்துனாங்க. அஞ்சாம் நாளு கண்ணத் தொறந்து, "ஏம்புள்ள, எரும கன்னு போட்டுருச்சா?"ன்னாரு. முந்தானைய வாயில வெச்சு அழுதேன்.

ஈரல் நல்லாவுல. ஆனாலும் மேல ஆறு வருசம் என்றகூட இருந்தாரு. அந்த ஆறும் ஆத்தா குடுத்தது. அப்போருந்து ஒரு வெள்ளிக்கெழம நான் வெளக்குப் போடாம இருந்ததில்ல. நீங்களும் அவகிட்டக் கேளுங்க, குடுப்பா. கேட்டுப்போட்டுக் கையக் கட்டிக்கிட்டு நிக்காதீங்க.

நாங்க ஊடு திரும்புன அன்னைக்கு அதே சனம் வாசல்ல வந்து நின்னுச்சு. "ஆத்தா அப்பறம் ஏதாச்சும் வாக்குச் சொன்னாளாக்கா?"ன்னு கேட்டாங்க, வெக்கமில்லாம.

"சொன்னா. இனிமே சீக்காளிகிட்ட எவன் வாக்குக் கேக்கறானோ, அந்தச் சீக்காளி போறதையெல்லாம் அவனேதான் அள்ளோணுமாம்"னேன்.