மருந்துக்கடைக்கு வந்த நம்பர் மெசின்

கடையில் நம்பர் மெசினைப் பொருத்தியது முழுக்க முழுக்க என் யோசனை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பிலிருந்து யாரோ வந்து அதை என் தலையில் கட்டிவிட்டுப் போனதாக ஊரில் சிலர் பிறகு இரக்கப்பட்டுப் பேசினார்கள். யாரும் கட்டவில்லை. நானாகத்தான் தேடிப்பிடித்து வாங்கினேன்.

எங்கள் மருந்துக்கடை மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்பக்க வீதியில் இருந்தது. நான் மருந்தாளர். மருந்தை எடுப்பது, எண்ணுவது, உறையில் எழுதுவது என் வேலை. முன்னுக்கு நின்று சனத்தைப் பார்த்தது என் மனைவி. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரியில் கிளினிக் முடிந்து டொக்டர் எழுதிய மருந்துத் துண்டோடு வருகிறவர்கள் கடையை நிறைத்துவிடுவார்கள். வரிசை என்று ஒன்று எங்கள் கடையில் ஒருநாளும் இருந்ததில்லை. எல்லோரும் கண்ணாடி மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்பார்கள். யாருக்கு முதலில் கொடுப்பதென்று அவள்தான் தீர்மானிப்பாள். எங்கிருந்து வந்தீர்கள், எத்தனை மணிக்கு பஸ், வீட்டில் பிள்ளைகளை யாரிடம் விட்டீர்கள், சாப்பிட்டீர்களா என்று கேட்டபடியே துண்டுகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பின்னால் என்னிடம் நீட்டுவாள். பாப்பாமோட்டைக்காரருக்கு பஸ் முக்கியம். எருக்கலம்பிட்டி ஆட்களுக்கு வெள்ளிக்கிழமையில் ஜும்ஆத் தொழுகைக்கு முன்னர் முடிய வேண்டும். பள்ளிமுனைப் பெண்களுக்கு அவசரமில்லை, நடந்து போகிற தூரம்தான், கதை முடிந்தால் போதும். அவள் வைத்த ஒழுங்கை ஒருவரும் மறுத்து நான் கேட்டதில்லை. எனக்கு அதில் தலையும் புரியாது, வாலும் புரியாது.

போன வருஷம் பெரிய வியாழனுக்கு முந்திய கிழமை அவளுக்குப் பாரிசவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் பிழைத்தது. நடக்கப் பழக்கினால் ஓரளவுக்குத் தேறலாம் என்று டொக்டர் சொன்னார். தினமும் காலையில் நான் கையைப் பிடிக்க, கட்டிலிலிருந்து குசினி வாசல் வரைக்கும் நடப்பாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாகத் திரும்பி வருவாள். அந்தச் சின்னத் தூரத்துக்கு அவள் சட்டை தெப்பமாக நனைந்துவிடும். போதும் என்று சொன்னால் கேட்கமாட்டாள்.

“இஞ்சேருங்கோ, நான் எழும்பி வருமட்டும் சனத்தைக் கலைச்சுப் போடாதேங்கோ,” என்றாள் ஒருநாள். “கடைக்கு வாறதுக்குத்தான் நான் இந்தப் பாடு படுறன்.”

கலைக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் கொடுத்தேன்.

அவள் இல்லாத முதல் செவ்வாயே கடை இரண்டுபட்டது. நான்தான் முதல், நான்தான் முதல் என்று பத்துத் துண்டுகள் ஒரே நேரத்தில் என் மூக்குக்கு நேரே நீண்டன. யாருக்குக் கொடுத்தாலும் மற்றவர் முகம் கறுத்தது. அடுத்தடுத்த கிளினிக் நாட்களிலும் அதேதான். ஒருமுறை பொறுக்க முடியாமல் ஒரு பாட்டம் கத்திவிட்டேன். “அக்கா நிண்டிருந்தா இப்பிடிக் கத்துவாவே?” என்று ஒரு பெண் அமைதியாகக் கேட்டாள். அன்றிரவு நித்திரை வரவில்லை. அதன் பிறகுதான் இந்த மெசினைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன்.

மனைவியிடம் விளக்கிச் சொன்னேன். வருகிறவர் பொத்தானை அமத்த வேண்டும், நம்பர் எழுதிய துண்டு வரும், கதிரையில் போய் இருக்கலாம், முறை வந்ததும் அதுவே கூப்பிடும்.

“பஸ் நேரம் அதுக்குத் தெரியுமே?” என்று கேட்டாள்.

“அதுக்கு ஏன் பஸ் நேரம்? முதல் வந்தவருக்கு முதல். நியாயம் எண்டா அதுதான்.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் போனாள்.

வவுனியாவிலிருந்து வந்த ஒருவர் அரை நாளில் எல்லாவற்றையும் பொருத்தினார். வாசலில் ஒரு பெட்டி, சுவரில் சிவப்பு எழுத்தில் நம்பர் காட்டும் திரை, கூரைக்குக் கீழே ஒரு ஸ்பீக்கர். “டோக்கன் எண் பதினான்கு, கவுண்டருக்கு வரவும்” என்று இந்தியத் தமிழில் ஒரு பெண் கூப்பிடுவாள். மூன்று தரம் கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் அடுத்த நம்பருக்குத் தாவும். முதல் நாள் ஒரு முதியவர் எழுந்து, கூரையைப் பார்த்து, “ஓம் பிள்ளை, வாறன்,” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நிலைமை சரிவந்துவிடும் என்று நான் நம்பிய நாள் அது ஒன்றுதான்.

எங்கள் சனத்துக்கு இடம் பிடித்து வைக்காமல் இருக்க முடியாது. தண்ணிக் குழாயடியில் குடம் வைப்பார்கள், கிளினிக்கில் இருக்கிற வாங்கின் மேல் பையை வைப்பார்கள். தனக்கு மட்டும் இடம் பிடித்துவிட்டு வருவது சுயநலக்காரியின் வேலை. இரண்டாம் கிழமை பள்ளிமுனைப் பெண் ஒருத்தி விடிய வந்து தன் ஒழுங்கையில் குடியிருக்கிற எல்லா வீட்டுக்கும் நம்பர் எடுத்துவிட்டாள். பதினொரு தரம் அமத்தினாள். அந்தப் பதினொரு பேரில் நாலு பேர்தான் பிறகு வந்தார்கள். மீதி ஏழு நம்பரையும் அந்தக் கூரைப் பெண் மூன்று மூன்று தரம் கூப்பிட்டுக்கொண்டிருக்க, கதிரையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆளுக்கு ஒரு நம்பர்தான் என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். அப்போது நம்பரை மாற்றத் தொடங்கினார்கள். எருக்கலம்பிட்டி முஸ்லிம் நானா ஒருவர், கைக்குழந்தையோடு வந்த பெண்ணுக்குத் தன் பன்னிரண்டைக் கொடுத்துவிட்டு அவளுடைய முப்பத்தொன்றை வாங்கிக்கொண்டார். அவள் தன் பன்னிரண்டை மடுவுக்கு பஸ் பிடிக்க வேண்டிய ஒருவருக்குக் கொடுத்தாள். பன்னிரண்டாம் நம்பரைக் கூப்பிட்டபோது மூன்று பேர் எழுந்தார்கள். மூவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டு நின்றார்கள். மனைவி இருந்தால் ஒரே பார்வையில் தீர்த்திருப்பாள். நான் என்ன செய்தேன் என்றால், நம்பரை மாற்றினால் மருந்து தரமாட்டேன் என்று மேசையில் அடித்துச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது மடத்தனம் என்று எனக்குத் தெரிந்தது. வாய் நிற்கவில்லை.

அந்த மாதம் எதிர்ப்பக்கத்தில் ஒரு பெரிய மருந்துக்கடை திறந்தார்கள். உள்ளே குளிர், வெளியே கண்ணாடி. என்னிடம் நம்பர் எடுத்தவர்கள், தங்கள் முறை வர நேரமிருக்கிறது என்று அங்கே வேடிக்கை பார்க்கப் போனார்கள். அங்கே மேசையில் முழங்கையை ஊன்றி நிற்கலாம். நின்றவர்கள் அப்படியே மருந்தையும் வாங்கினார்கள். வாங்கிவிட்டு, என் நம்பரைத் திருப்பித் தருவதற்காக வெயிலில் வீதியைக் கடந்து வந்தார்கள். “அண்ணை, இதை வேற ஆருக்கும் குடுங்கோ, வீணாப் போகக்கூடாது,” என்று கையில் வைத்துவிட்டுப் போனார்கள். நக்கல் என்று முதலில் நினைத்தேன். இல்லை, உண்மையாகவே மரியாதைதான். நக்கலாக இருந்திருந்தால் திட்டியாவது இருக்கலாம்.

பிறகு திருப்பித் தரவும் ஆள் வரவில்லை.

வீட்டுக்குப் போனதும் அவள் கேட்கிற முதல் கேள்வி, “இண்டைக்கு எத்தினை நம்பர்?” என்பதுதான். தொடக்கத்தில் எழுபது, எண்பது என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன். அது முப்பதாகி, பத்தாகியபோது எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. அதனால் கடை சாத்துமுன் நானே வாசலுக்குப் போய்ப் பொத்தானை அமத்தினேன். நாற்பது வரும்வரை அமத்தினேன். வெறும் கடையில் கூரைப் பெண் என் துண்டுகளைக் கூப்பிட்டாள். அப்புறம் வீட்டுக்குப் போய், நாற்பது என்று சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அதைக் கேட்ட மறுநாள் அவள் குசினி வாசலைத் தாண்டி முற்றத்துப் படிவரைக்கும் நடந்தாள். அதைப் பார்த்த பிறகு நான் எப்படி நிறுத்துவது?

ஒரு செவ்வாய் மத்தியானம் கடை வாசலில் ஓட்டோ ஒன்று நின்றது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு என் மனைவி இறங்கினாள். நல்ல சேலை உடுத்திருந்தாள். எனக்குச் சொல்லாமல் வந்து ஆச்சரியப்படுத்த நினைத்திருக்கிறாள். ஆறு அடி தூரத்தைத் தானாகவே நடந்து வந்து வாசல் கதிரையில் இருந்தாள். கடைக்குள் பார்த்தாள். கதிரைகள் எல்லாம் வெறுமையாக இருந்தன. எதிர்க்கடையைப் பார்த்தாள். கிளினிக் சனம் முழுக்க அங்கே நின்றது.

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் கேட்கவில்லை. கண்ணைச் சுருக்கி எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதில பின்னுக்கு நிக்கிறது பாப்பாமோட்டை அக்காவெல்லோ?”

“ஓம்.”

“மணி என்ன?”

“பன்னிரண்டேகால்.”

“பன்னிரண்டரைக்கு அவவுக்கு பஸ். விட்டா இனிப் பின்னேரம்தான். போய் அவவை முன்னுக்கு விடச் சொல்லுங்கோ.”

வீதியைக் கடந்து, அந்தக் குளிருக்குள் நுழைந்து, அக்காவுக்கு பஸ் இருக்கிறது, முன்னுக்கு விடுங்கோ என்று யாரோ ஒருவரின் கடையில் நின்று கேட்டேன். சனம் திரும்பி வெளியே பார்த்தது. “அவவோ சொன்னவ? வந்திருக்கிறாவோ?” என்றார்கள். உடனே விலகி வழிவிட்டார்கள். சிலர் கண்ணாடிக்குள் நின்று அவளுக்குக் கை காட்டினார்கள். துண்டைக் கொடுத்துவிட்டு நிற்கிறவர்கள், விட்டுவிட்டு வரமுடியாது. ஒருவரும் இந்தப் பக்கம் வரவில்லை.

திரும்பி வந்தேன்.

“முன்னுக்கு விட்டவையே?”

“விட்டவை.”

முதல்நாள் பின்னேரத்திலிருந்து மாறாமல் சுவரில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு நாற்பதை அவள் பார்த்தாள்.

“அதில எத்தினை நீங்கள் அமத்தினது?”

“எல்லாம்,” என்றேன்.

ஏசுவாள் என்று நினைத்தேன், ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வீட்டுக்குப் போவோம் என்று மட்டும் சொன்னாள். ஓட்டோவுக்கு நடக்க அவளால் முடியவில்லை. நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் தூக்கித்தான் ஏற்றினோம்.

மறுநாள் காலையில் வழக்கம்போலக் கட்டிலடியில் போய்க் கையை நீட்டினேன். “எழும்பும், குசினி வாசல் வரைக்கும் போய்வருவோம்,” என்றேன்.

“எங்க போறதுக்கு?” என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நீட்டிய கையை எடுத்தேன். பிறகு தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன். அதற்குப் பிறகு அவள் நடக்கவில்லை.