களத்து மேஸ்திரி போட்ட ஸ்கேட்டிங் தளம்

எண்பதுகளின் தொடக்கத்தில் நாமக்கல் பக்கத்து நகராட்சி ஒன்றில் ஓவர்சீயராக இருந்தேன். பூங்காவில் பிள்ளைகள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓட ஒரு ஸ்கேட்டிங் தளம் வேண்டும் என்று யோசனை சொன்னவனும் நான்தான், வரைபடம் போட்டவனும் நான்தான். சென்னையில் ஒரே ஒரு தடவை பார்த்ததை வைத்துக்கொண்டு பெரிய மேதாவி மாதிரி ஆடினேன்.

வேலைக்கு மல்லசமுத்திரத்து மேஸ்திரி ஒருவரைப் பிடித்தேன். நெல்லும் கடலையும் காயப்போடும் சிமெண்ட் களம் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. "தண்ணி மட்டும் நிக்கக் கூடாது" என்றேன். என் நாக்கில் சனி. களம் போடுகிறவருக்கு அந்த ஒரு சொல் போதாதா? மழைத்தண்ணீர் வழிந்தோட ஒரு மூலையைப் பார்த்து வாட்டம் கொடுத்து, தரையை வழவழவென்று தேய்த்து வைத்துவிட்டார்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் தரை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நிற்கவில்லை. அழைப்பிதழ் ஊரெல்லாம் போய்விட்டது. இப்போது உடைக்கச் சொன்னால் நகராட்சித் தலைவர் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். ரசமட்டத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் முதலில் இறங்கியது என் மகள். பதினொரு வயது. இரவல் வாங்கிய சக்கரங்கள். கைதட்டல் ஓய்வதற்குள் சரிவு அவளை மூலைக்கு இழுத்துப் போய்க் கட்டைச்சுவரில் மோதவைத்தது. இடது கால் முறிந்துவிட்டது.

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் மேஸ்திரியைப் பார்த்துக் கத்தினேன். "மட்டம் பாக்கத் தெரியாத நீயெல்லாம் ஒரு மேஸ்திரியா?" அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "தப்புத்தானுங்க" என்று மட்டும் சொன்னார்.

பிள்ளை காலை ஒடித்த மேஸ்திரி என்று பேராகிவிட்டது. அப்புறம் ஒருவரும் அவரைக் களம் போடக் கூப்பிடவில்லை. ஒருநாள் அவர் மனைவி என் வீடு தேடி வந்தார்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா சனம் கேக்குமுங்க."

"பாக்கலாங்க" என்றேன். பார்க்கவே இல்லை. மகள் விந்தி நடக்கும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் தோன்றும். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? பயம், வேறொன்றுமில்லை.

நான்கு வருடம் கழித்து அவர் இறந்த செய்தி வந்தது. போனேன். அவர் மனைவியின் எதிரில் உட்கார்ந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"தப்பு என்னுதுங்கம்மா. முந்தின நாளே மட்டம் பாத்தேன். தெரிஞ்சும் உட்டுட்டேன்."

அந்த அம்மாள் தலை நிமிராமலே பேசினார்.

"அவருக்குத் தெரியுமுங்க. நீங்க மட்டம் பாத்தப்ப அவரு செவுத்தோரம் கரண்டி கழுவிட்டு இருந்தாரு. ஒண்ணுஞ் சொல்லாமப் போறீங்களேன்னு, சரியாத்தான் இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டாரு."

"அன்னிக்கே எல்லாத்து முன்னாலயும் சொல்லியிருக்கலாமுங்களே?"

"நானும் அதைக் கேட்டுத்தான் சண்டை போட்டேன். புள்ளை அப்பன் மடியில கெடந்து அழுவுது, அது காதுல உழுவுற மாதிரி எப்படிச் சொல்றதுன்னுட்டாரு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதெல்லாந் தெரிஞ்சுதானுங்க நான் உங்க ஊட்டுக்கு வந்தேன்."