கடற்பஞ்சும் அம்மாவின் மூக்கும்

அம்மாவின் மூக்குக்குள் சதை வளர்ந்திருந்தது. இரண்டு வருடமாக அவருக்கு ஒரு மணமும் தெரியாது. குழம்பு அடிப்பிடித்தாலும் பக்கத்தில் நின்று கிண்டிக்கொண்டிருப்பார். சமையலில் பெயரெடுத்தவர், வாசம் சரியா என்று பார்க்க என்னைக் கூப்பிடத் தொடங்கியபோது எனக்கு மனம் தாங்கவில்லை. அந்த இரண்டு வருடத்தில் எனக்கு ஒரு கள்ளத் துணிவும் வந்திருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்போது நான் ஜெர்மனியின் பான் நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். பண்டைய கிரேக்கர் காது, மூக்கு, தொண்டைக்குச் செய்த வைத்தியம்தான் என் ஆய்வு. வாசித்துக்கொண்டு போனால், அம்மாவின் அதே மூக்குச்சதை வருத்தம்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தத் துள்ளலோடுதான் அவரை மூக்கு வைத்தியரிடம் கூட்டிப்போனேன். எட்டு வயதிலிருந்தே வைத்தியரோ அலுவலகமோ, நேரம் குறித்துப் போகும் அம்மாவின் எல்லா டெர்மினுக்கும் நான்தான் மொழிபெயர்ப்பு. மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய கருவியால் சதையை எடுப்போம் என்றார் வைத்தியர். அதை மட்டும் தமிழில் சொல்லிவிட்டு நான் வாயை மூடியிருக்கலாம். மூடினேனா?

"அம்மா, கிரேக்கர் என்ன செய்தவை தெரியுமோ? கடற்பஞ்சை உருண்டையா வெட்டி, நூல் கட்டி, நூலை மூக்காலை விட்டு வாயாலை எடுத்து, ஒரே இழுவை! சதை பிய்ஞ்சு வந்திடும்!"

அம்மா கைப்பையோடு எழுந்துவிட்டார்.

"எனக்கு ஏலாது. வா, வீட்டை போவம்."

இந்த வைத்தியரும் பஞ்சுதான் இழுக்கப்போகிறார் என்று அம்மா நினைத்துவிட்டார். நடந்ததை வைத்தியரிடம் ஜெர்மனில் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்து, தன் கருவியை அம்மாவின் கையிலேயே கொடுத்தார். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்தச் சனத்துக்கு மயக்க மருந்து இல்லையோ?"

"இல்லை அம்மா."

"பாவங்கள். நான் நித்திரைதானே கொள்ளப்போறன். ஓமெண்டு சொல்லு."

சத்திரசிகிச்சை முடிந்தது. தினமும் கோப்பிப் போத்தலைத் திறந்து அவர் மூக்கடியில் பிடிப்பேன். "ஒண்டும் தெரியேல்லை" என்பார். மூன்று கிழமை அப்படியே போனது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்து ஜாக்கெட்டைக் கழற்றினேன். குசினியிலிருந்து வந்த அம்மா அப்படியே நின்றார்.

"நில்லடி. நீ சிகரெட் பத்திறியோ?"

இரண்டு வருடமாக அவர் மூக்குக்கு முன்னாலேயே தப்பிவந்தவள் நான். பிடிபட்ட சந்தோஷத்தில் கத்திக்கொண்டு ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தேன்.

"தள்ளி நில்லடி, நாறுது!"

நான் விடவில்லை. அவரும் என் தோளில் மூக்கை வைத்து இன்னொரு முறை இழுத்து முகர்ந்தார்.