அவன் தலைக்கு விட்ட இடம்

போன வருஷம் ஆடிப் பதினெட்டன்று, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. நினைத்தால் இன்றைக்கும் முகம் சுருங்கிப் போகிறது.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். போர்வெல் லாரியில் குழாய் தூக்கிப் பிழைப்பைத் தொடங்கி, சொந்தமாகத் துளை போடும் ரிக் வண்டி வாங்கி, ராஜஸ்தான் வரை போய்த் தண்ணீர் காட்டியவன். இன்றைக்குப் படித்த பிள்ளைகள் எத்தனையோ பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை. என் வண்டியின் முகப்பில் சிவப்புக் கழுகு படம் ஒட்டியிருக்கும். அந்த ஸ்டிக்கரை மொத்தமாக அடித்து வாங்கி டிபன் கேரியர், குடை, பீரோ என்று கையில் கிடைத்ததில் எல்லாம் ஒட்டி வைப்பேன். என் வீட்டுக்காரி, "என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிருங்க" என்பாள்.

அந்த ஆடிக்கு முந்தின மாதம் ஒரு பெரிய டிவி வாங்கினேன். சுவரில் பாதி அதுதான். வாங்கியதும், எங்கள் புது வீடு குடிபோனபோது எடுத்த பழைய வீடியோ கேசட் ஞாபகம் வந்தது. பரணில் தேடி எடுத்தால் உள்ளே வெள்ளைப் பூஞ்சை. சேலத்தில் இதையெல்லாம் துடைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கொண்டுபோனேன். கடையை நடத்துவது ஒரு பெண். ஒரு வாரம் கழித்து வரச் சொல்லி, படத்தைத் திரையில் ஓட்டிக் காட்டியது.

அந்தக் காலத்துப் படம் ஏறக்குறையச் சதுரம். இந்தக் காலத்து டிவி நீளம். அதனால் படத்தின் இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை விழுந்தது. எனக்குச் சுருக்கென்றது. இத்தனை பணம் போட்டு வாங்கிய டிவியில் ஓரமெல்லாம் இருட்டா?

"மேலயும் கீழயும் கொஞ்சம் வெட்டினா டிவி நிறைஞ்சு வருங்கய்யா. ஆனா வெட்டினது போனதுதான்" என்றது. முழுப் படத்தையும் ஏவிஐ என்று ஒரு பெரிய ஃபைலாகத் தனியே ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொள்ளுங்கள், பார்ப்பதற்கு எம்பி4 என்ற சின்ன ஃபைல் போதும், அது டிவியிலும் போனிலும் ஓடும் என்று விளக்கமாகச் சொன்னது.

"பெரிய ஃபைலெல்லாம் எனக்கெதுக்கு சாமி? டிவி நிறைய வர்ற மாதிரி ஒண்ணு பென் டிரைவ்ல போட்டுக் குடு. கேசட்டைக் குப்பையில போட்ரு" என்றேன்.

வெட்டிய படத்தைப் போட்டுக் காட்டியது. நான் பட்டு வேட்டி கட்டிப் பால் செம்போடு நிற்கிறேன். திரை முழுக்க நான். "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆடிப் பதினெட்டுக்குச் சொந்தபந்தம் எல்லோரையும் படம் பார்க்கவும் சேர்த்து அழைத்தேன். முக்கியமாக என் பழைய கூட்டாளியின் சம்சாரத்தையும் மகளையும். முதல் ரிக் வண்டியை நானும் அவனும் சேர்ந்துதான் ஓட்டினோம். ஆள் பனைமர உயரம். நான் குடிபோன மறு வருஷமே மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அப்போது மகளுக்கு நடை கூட வரவில்லை. அவர்கள் வீட்டில் அவன் படம் என்று இருப்பது கல்யாணத்தில் எடுத்த ஒரே ஒரு போட்டோ. அதுவும் மழையில் நனைந்து முகம் வெளுத்துவிட்டது. மகளைக் கெங்கவல்லிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறது. "உங்கப்பன் நடந்து வர்றதைக் காட்டறேன், வா கண்ணு" என்று போனில் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

அவளும் அப்பனைப் போலவே உயரம். வாசலில் நுழையும்போது ஒரு கையை நிலையில் வைத்துக் குனிந்துதான் வந்தாள். வந்ததும், "எங்கப்பா எப்ப வருவாருங்க பெரியப்பா?" என்று கேட்டுக்கொண்டு டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

படம் ஓடியது. வீடியோக்காரர் படம் முழுக்கச் சினிமாப் பாட்டைப் போட்டிருந்தார். நான் வந்தேன். மறுபடி நான் வந்தேன். மாடு கன்றோடு உள்ளே வந்தது. அப்புறம் கேமரா வீட்டுக்குள் இருந்து வாசலைப் பார்த்து நின்றது. ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். கட்டம் போட்ட சட்டையில் ஒரு ஆள் வந்தார்.

"அந்தா, அதுதான் உங்கப்பா" என்றது கூட்டாளியின் சம்சாரம்.

சட்டை தெரிந்தது. கழுத்து தெரிந்தது. நிலையில் குனிந்தபோது தாடையும் வாயும் வந்தன, சிரித்த வாய். நிமிர்ந்ததும் அதுவும் மேலே போய்விட்டது. அதன் பிறகு அவன் பந்தியில் பரிமாறினான், ஐயருக்குத் தட்டு எடுத்துக் கொடுத்தான், எனக்கு மாலை போட்டான். எல்லா இடத்திலும் தலை இல்லை. மற்றவர்கள் உயரத்துக்கு வைத்து எடுத்த படம். அவன் தலை அதன் மேல் விளிம்பில் முட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. அந்த விளிம்பைத்தான் நான் வெட்டச் சொன்னேன்.

விஷயம் தெரியாத என் மச்சினன், "ஏனுங்க மாமா, இத்தா பெரிய டிவி வாங்கிப் போட்டுட்டு, ஆளோட தலையை எங்கீங்க உட்டுட்டு வந்தீங்க?" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். அப்புறம் கூட்டாளியின் மகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரி மெல்ல, "உங்க மூஞ்சி வர்ற எடத்தை மட்டும் பார்த்துட்டு வந்துட்டீங்களாக்கும்" என்றாள்.

அந்தப் பெண் எழுந்து வந்து, "பரவால்லீங்க பெரியப்பா. கையைப் பார்த்தேனே, என் கை மாதிரியே இருக்குது" என்றாள். திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

அவர்களைப் போக விடாமல் ராத்திரி தங்க வைத்துவிட்டு, விடிந்ததும் சேலத்துக்குப் போனேன். கடைக்காரப் பெண் நடந்ததைக் கேட்டுவிட்டு நெற்றியில் கை வைத்தது. ஆனி மாதத்துக் கல்யாண வேலைகள் குவிந்து, கம்ப்யூட்டரில் இடம் வேண்டும் என்று முழுப் படத்தையும் அழித்துவிட்டதாம்.

"கேசட்?"

"குப்பையில போடச் சொன்னாலும் எனக்குக் கை வராதுங்கய்யா. அடுத்தவங்க வீட்டு விசேஷமில்லைங்களா? எல்லாம் ஒரு சாக்குல கெடக்குது. தேடித்தான் பார்க்கணும்."

சாக்கைத் தரையில் கொட்டியது. எத்தனை வீட்டுக் கல்யாணம், காது குத்து, எல்லாம் ஒரே கருப்பு டப்பா. மேலே எழுதிய எழுத்தெல்லாம் மங்கிக் கிடந்தது. தெளிவாக எழுதியிருந்தாலும் நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பொழுது போய்விடும். வெள்ளை வேட்டியோடு தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அப்போது ஒரு டப்பாவின் முதுகில் சிவப்பாக ஒன்று தெரிந்தது. கழுகு. என் ரிக்கின் ஸ்டிக்கர். நான் அடித்த தம்பட்டத்தில் ஒன்று அன்றைக்கு உதவிக்கு வந்தது.

"நாடா இத்துப் போயிருக்குதுங்க. மறுபடி ஓட்டினா அறுந்தாலும் அறுந்துரும். போடட்டுங்களா?" என்று கேட்டது அந்தப் பெண்.

"போடு சாமி."

பாலைவனத்தில் துளை இறக்கும்போது கூட நான் அப்படிக் குலதெய்வத்தை வேண்டியதில்லை. திரை நீலமாக நின்றது, நடுங்கியது, கோடு கோடாக ஓடியது. அப்புறம் என் வீட்டு வாசல் வந்தது. அவன் வந்தான். நிலையில் ஒரு கையை வைத்துக் குனிந்து, நிமிர்ந்து, கேமராவைப் பார்த்துக் கூச்சமாகச் சிரித்தான். படத்தின் அடியில் புழுதி மாதிரி கோடுகள் இருந்தன. தலை முழுசாக இருந்தது.

"டிவி நிறையறதுக்கு வெட்டிரலாங்களாய்யா?" என்று அந்தப் பெண் கேட்டது. உதட்டில் குறும்பு.

"ஒரு நூல் கூட வெட்டாதே சாமி. அந்தப் பெரிய ஃபைலையும் குடு" என்றேன்.

மத்தியானம் வீட்டில் போட்டோம். அந்த இடத்தை மகள் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னாள். அவன் நிலையில் கை வைத்துக் குனியும்போது அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "நீயும் அப்படித்தான் நுழையறே. நான் சொன்னா நம்புனியா?" என்றது அம்மா. அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது.

அந்தப் படத்தில் நான் எங்கெங்கே வருகிறேன் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. விசேஷத்துக்கு வருகிறவர்கள் யாராவது, "ஏனுங்க, இத்தனை பெரிய டிவியில ரெண்டு பக்கமும் சும்மா கெடக்குதே" என்று கேட்டால், அது சும்மா கிடக்கவில்லை, என் கூட்டாளியின் தலைக்கு விட்ட இடம் என்று சொல்கிறேன். என் வீட்டில் நான் பெருமையாகக் காட்டுவதற்கு இப்போது அதைவிடப் பெரிதாக எதுவும் இல்லை.