காத்தோங் தளத்தில் நிற்காமல் பாஸ் கொடுக்கப் போன கதை

சிராங்கூன் ரோட்டுப் பிள்ளைகள் ஐந்து பேருக்குச் சக்கரக் காலணியில் சறுக்கியபடியே பந்தைப் பாஸ் கொடுக்கக் கற்றுத்தருவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு அந்த ஐஸ் ஹாக்கிப் பித்து இருந்தது. சிங்கப்பூரில் பனிக்கட்டிக்கு எங்கே போவது? சிமெண்டுத் தளம்தான், அதுவும் காத்தோங்கில். ஒரு சனிக்கிழமை அங்கே காத்தோங் பையன்களோடு எங்களுக்கு ஆட்டம். அன்று ஜெயிக்கும் குழுவுக்கு இனிச் சனிக்கிழமைக் காலைகளில் தளத்தை இலவசமாகத் தருவதாக அதன் முதலாளி சொல்லியிருந்தார். வாடகை கொடுக்க எங்களால் முடியாது. தோற்றால் குழு கலைந்துவிடும். பயந்துவிடுவார்களே என்று பிள்ளைகளிடம் இதைச் சொல்லவில்லை.

காலை ஏழரைக்குப் புறப்பட்டோம். சுமார் நாலு மைல், நடுவில் ஒரு பஸ் மாற வேண்டும், தலைக்கு இருபது காசு. சக்கரக் காலணிகளைக் கழுத்தில் தொங்கவிட்டு ஏறினால் கண்டக்டர் முறைப்பார். கோணிப்பையில் கட்டிக்கொள்வது நல்லது.

பயிற்சியில் எங்களுக்கு இருந்த தொல்லை வேறு யாருக்கும் இருந்திருக்காது. சக்கரம் அடுத்தவன் காலில் பட்டால் போதும், நம் பிள்ளை பந்தை விட்டுவிட்டு, குனிந்து, அவனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். நல்ல பழக்கம்தான், யார் இல்லை என்றது? ஆனால் கோலுக்கு முன்னாலா?

"செல்வம், நிக்காதடா! போய்க்கிட்டே பாஸ் குடு!"

"கால் பட்டுருச்சு சார்."

"பட்டா பட்டுட்டுப் போகுதுலா! அப்புறமா தொட்டுக் கும்பிடு!"

"அப்புறம்னா மறந்துருவேன் சார்."

இவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஆட்டம் முடியப் போகும் நேரம், இரண்டுக்கு இரண்டு. பந்து செல்வத்திடம். வலப்பக்கம் எங்கள் பையன் ஸ்டீபன் தனியாக, கோலுக்கு நேர் எதிரே. "பாஸ்! பாஸ்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அப்போது பார்த்து செல்வத்தின் சக்கரம் காத்தோங் பையன் ஒருவனின் காலில் இடித்தது.

நின்றான். குனிந்தான். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அந்தப் பையன் ஒன்றும் புரியாமல் விழித்தான். பிறகு செல்வம் விட்ட பந்தை அவனே தள்ளிக்கொண்டு போய், நிற்காமலே தன் ஆளுக்குப் பாஸ் கொடுத்தான். அவர்கள் கோல் போட்டார்கள். ஆட்டம் முடிந்தது.

காத்தோங் போகிறவர்கள் கடலோரத்தில் தேங்காய்ப்பால் ஊற்றிய லக்சா நூடுல்ஸ் சாப்பிடலாம், நன்றாக இருக்கும். நாங்கள் சாப்பிடவில்லை. எனக்கு இருந்த எரிச்சலில் தண்ணீர்கூட இறங்கவில்லை. அந்தத் தளத்தைத் தேடிப் போகாதீர்கள், இப்போது அங்கே இல்லை.

திரும்பும் பஸ்ஸில் செல்வம் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சார், அடுத்த சனிக்கிழமையும் ஏழரைக்குத்தானே?"

"இனிமே நமக்குத் தளம் இல்லடா. ஜெயிச்சவங்களுக்குத்தான்."

கோணிப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான்.

"என்னாலயா சார்?"

ஆமாம் என்று சொல்ல எனக்கு எல்லா நியாயமும் இருந்தது. "இல்லடா" என்றேன்.