வாடகை வந்தால் போதுமா?

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மஸ்கட்டில் வேலை பார்க்கிறேன். தென்காசியில் நான் வாங்கிய இரண்டு வீடுகளில் ஒன்றில், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் தனியாகக் குடியிருக்கிறார். மாதம் பிறந்ததும் வாடகை என் கணக்குக்கு வந்துவிடும். அதனால் அவரிடம் பேச வேண்டிய தேவையே வந்ததில்லை.

போன சாரல் சீசனில் ஒருநாள் காலை, பக்கத்து வீட்டு ரஹ்மத் அக்கா போன் செய்தார்.

“தம்பி, ஒங்க வீட்டு டேங்க் நெறஞ்சு தண்ணி தெருவுல ஓடுது. அண்ணாச்சியக் கூப்பிட்டா சத்தத்தையே காணோம்.”

முதலில் எரிச்சல்தான் வந்தது. அண்ணாச்சிக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மணி வீட்டுக்குள்தான் கேட்கிறது என்று அக்கா சொன்னதும் பயம் பிடித்துக்கொண்டது. அவருடைய மகள் பெங்களூரில் இருப்பது தெரியும், நம்பர் தெரியாது.

“கதவ ஒடைங்கக்கா” என்றேன்.

“அடுத்தவங்க இருக்க வீட்ட எப்படி ஒடைக்க?”

“நான் சொல்லுதேன், ஒடைங்க.”

அக்காவின் மகன்கள் உடைத்தார்கள். மோட்டாரைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனவர், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். கூப்பிடக்கூடக் குரல் எழவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்ததில் பிழைத்துக்கொண்டார்.

இப்போது குடியிருப்பவர்களின் உறவினர் நம்பர்களையும் வாங்கி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் இரண்டு வீட்டுக்கும் பேசுகிறேன். முதல் தடவை கூப்பிட்டபோது அண்ணாச்சி பதறிவிட்டார்.

“என்ன தம்பி, வீட்டக் காலி பண்ணணுமா?”

“இல்ல அண்ணாச்சி, சாப்ட்டாச்சான்னு கேக்கத்தான்.”